முழம் சொல்கிறவன்

பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தபோது என் கணவருக்கு நீச்சல் தெரியாது. மியாவுங்மியாவில் அரிசி ஆலை மேஸ்திரியின் மகன். சேர்ந்த அன்றே குளத்தில் தள்ளிவிட்டார்களாம். மூன்று முறை மூழ்கி நாலாவது முறை கரையேறியதாகச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் மூன்று ஐந்தாகும், ஐந்து ஏழாகும். பிற்காலத்தில் அரசியலுக்கு வரப்போகிறவர் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஊ ஓன் லுவின் என்று பெயர். எனக்குக் கோ லுவின், அவருக்கு நான் தன் யீ. இருபத்தெட்டு வருஷம் படையில் இருந்தும் பெரிய கப்பல் ஒன்றில்கூட அவர் நின்றதில்லை. ஐராவதி ஆறு பிரிந்து கடலில் கலக்கும் அந்த நூறு கால்வாய்களில் ரோந்துப் படகு ஓட்டியே காலம் போனது. "என் உத்தியோகம் முழுக்க நாலு முழத் தண்ணியில" என்பார். அது உண்மை. அந்தக் கால்வாய்களில் வரைபடத்தை நம்பினால் கதை முடிந்தது. நேற்று ஆறு இருந்த இடத்தில் இன்று சேறு இருக்கும். அதனால் படகின் முனையில் கழிக்காரன் ஒருவன் நிற்பான். முழத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மாறி மாறிப் பூசிய மூங்கில் கழியைத் தண்ணீரில் குத்தி எடுத்து, ஆழத்தைக் கூவுவான். "மூணு முழம்... மூணே கால்... ரெண்டரை..." படகை ஓட்டுகிறவருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் கோபமாக இருக்கும் நாளில் சமையலறை வாசலில் நின்று, "எவ்வளவு?" என்று கேட்பார்.

"ரெண்டு முழம். வரலாம்" என்பேன். இல்லாவிட்டால், "தரை தட்டும். போங்க அந்தப் பக்கம்."

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணியில் இருக்கும்போது செத்தவனுக்கு விடுவிப்பு ஆணை வாசிப்பது எங்கள் நாட்டு வழக்கம். மேலதிகாரியே எழுதி, கையெழுத்துப் போட்டு, செத்த இடத்தில் நின்று மூன்று முறை வாசிக்க வேண்டும். 'இன்று முதல் நீ இந்தப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறாய். வழியிலுள்ள காவல் தெய்வங்கள் தடுக்காமல் அனுப்பி வைக்கவும்.' ஆணை இல்லாவிட்டால் அவன் போகமாட்டான். போக அவனுக்கு அதிகாரம் இல்லை.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரு தீவுக் காவல் நிலையத்தில் இருந்தோம். அங்கே இயந்திர அறை ஆள் ஒருவன் காய்ச்சலில் செத்துப்போனான். மழையில் ஒன்பது நாளாகியும் மேலதிகாரியால் வர முடியவில்லை. அந்த ஒன்பது நாளும் சமையற்காரர் ஒரு தட்டு அதிகமாகவே வைத்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்து எடுத்து வைத்தாலும் சாப்பிட உட்காரும்போது ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். கடைசியில் கோ லுவினே அதிகாரியின் அனுமதி வாங்கி ஆணையை வாசித்தார். அடுத்த வேளையிலிருந்து தட்டு சரியாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது?

ஆகவே, தெரியாமல் செய்தார் என்று என் கணவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

தேர்தல் வந்த வருஷம், ஆனி மாதத்துப் பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள், மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். காலணியில் சேறு காய்ந்திருந்தது. கழற்றியபடியே இரண்டு விஷயம் சொன்னார்.

"செய்ன் டுன் ஓடிட்டான்."

"எந்த செய்ன் டுன்? கழிக்காரனா?"

"ம். அப்புறம், கட்சியில என்னைக் கேட்டிருக்காங்க. சீருடையைக் கழட்டிட்டு வந்தா மாகாண சபைக்கு நிறுத்துறாங்களாம்."

முதல் விஷயத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஈரத் துணியும் கொசுவலையுமாக வாழ்ந்தவள் வேறு என்ன செய்வேன்? மாகாணத் தலைநகர் பத்தெய்னில் சிமெண்டு வீடு, குழாய்த் தண்ணீர் என்று என் மனம் ஓடிவிட்டது.

அவர் ஜெயித்தார். போட்டி ஒன்றும் பெரிதாக இல்லை. பத்தெய்னில் வீடும் வந்தது, தேக்குப் பலகைத் தரையோடு. சபைக்கு முதல் நாள் போகும்போது பட்டு லுங்கியும் வெளிர்மஞ்சள் தலைப்பாகையுமாக அறையிலிருந்து வெளியே வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் பாதத்துக்கு இரண்டடி முன்னால், தரையில் ஈரமாக ஒரு வட்டம். தேநீர்க் கிண்ணத்தின் அடி அளவு. அவர் ஓர் அடி வைக்க, முன்னால் இன்னொரு வட்டம். அப்புறம் இன்னொன்று. அவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. எல்லாம் முன்னால்தான்.

"அரை முழம்" என்றது ஒரு குரல். மெல்லிய, பழகிய, வேலை பார்க்கிறவனின் குரல்.

கோ லுவின் நின்றார். என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டது என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வட்டங்களின் மேலேயே நடந்து காரில் ஏறினார். நான் துணி எடுத்துத் துடைத்தேன். துணியில் வற்றிய ஆற்றுச் சேற்றின் வாடை.

அவர் பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. ஜோசியரிடம் போய், யார் பெயரையும் சொல்லாமல், பொதுவாகக் கேட்டுவிட்டு வந்தார்.

"ஆழம் சொல்லி வழிகாட்டுதுன்னா அது நல்ல சகுனமாம், தன் யீ. ஆழம் கூடினா இன்னும் நல்லதாம். தண்ணி ஏற ஏறப் பெரிய கப்பல் போகும், இல்லையா?"

"யாரு அது?"

"யாரா இருந்தா என்ன? வேலையைச் சரியா பாக்கறான்."

உண்மையாகவே ஆழம் கூடியது. அவர் மீன்பிடிக் குழுவின் தலைவரானபோது குரல் ஒரு முழம் சொன்னது. கரைகட்டும் திட்டம் அவர் கைக்கு வந்த வருஷம் ஒன்றரை. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் வீட்டில் தேயிலை ஊறுகாய் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்ட அன்று, கூடத்தில் அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே, "ரெண்டு" என்று தெளிவாகக் கேட்டது. கோ லுவின் என்னைப் பார்த்து ரகசியமாகப் புருவத்தை உயர்த்தினார். எங்கள் குடும்பத்து நல்ல செய்தி போல.

எனக்கும் பழகிவிட்டது. அதை நான் மறைக்க முடியாது. இப்படி ஒன்று வீட்டில் நடந்தால் பழகுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். பழகும். வாசல் ஓரத்தில் ஒரு துணி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எங்களோடு தங்கிப் படித்த என் தங்கை மகள் ஒருமுறை கேட்டாள்.

"பெரியம்மா, கூரை ஒழுகுதா?"

"கூரை இல்லடி. உன் பெரியப்பா ஒழுகறாரு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காலை வேளைகளில் மனு கொடுக்க ஆட்கள் வருவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், ம ப்வா வருவாள். செய்ன் டுன்னின் மனைவி. கால்வாயோரக் கிராமத்திலிருந்து இரண்டு படகு மாறி, வாழையிலையில் கட்டிய உலர்ந்த இறாலோடு வந்து பாயில் உட்காருவாள். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையைப் படிய வாரி, சொன்னதையே சொல்வாள்.

"ஸயா, அவர் இருக்காரா செத்துட்டாரா, ஒரு சொல்லு எழுதிக் கொடுங்க. இருக்கார்னா நான் தேடறேன். இல்லேன்னா ஏழாம் நாள் துறவிகளுக்குச் சோறு போட்டு அவருக்குப் புண்ணியம் பங்கு வைக்கிறேன். உயிரோட இருக்கிறவருக்கு எப்படிச் சோறு போட? ஊர்ல என்னை ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கறாங்க."

"விசாரிக்கிறேன்மா" என்பார் கோ லுவின், நாலு வருஷமும் ஒரே குரலில்.

ஐந்தாவது வருஷம், மறு தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மழைக்கு நடுவிலேயே வந்தாள். அவர் வீட்டில் இல்லை. சமையலறையில் உட்காரவைத்து, மீன் சூப்பில் அரிசிச் சேவை போட்ட மொஹிங்கா கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

"தறியில அவருக்கு ஒரு லுங்கி நெய்து வெச்சிருக்கேன், அக்கா. வந்தா கட்டறதுக்கு. துணி ரொம்பத் தேவைப்படாது. ஆளு குட்டை. கழியில நிக்க வெச்சு அளந்து பாத்திருக்கேன். நாலாவது பட்டை முடியற இடத்துக்கு எட்டல. மூணரை முழத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். படகுல எல்லாரும், 'கழியே உன்னைவிட ஒசரம்டா, அது உன்னைப் புடிச்சிருக்கா நீ அதைப் புடிச்சிருக்கியா'ன்னு கேலி பண்ணுவாங்களாம்."

அவள் சிரித்துக்கொண்டே சூப்பை உறிஞ்சினாள். என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

அன்று காலை கோ லுவின் வெளியே கிளம்பும்போது குரல் "மூணே கால்" என்றிருந்தது. கொஞ்ச நாளாக அந்தக் குரலில் ஏதோ மாறியிருப்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது, என்னவென்று புரியாமலிருந்தது. இப்போது புரிந்தது. முகவாயை மேலே தூக்கிக்கொண்டு பேசுகிறவனின் குரல் அது.

கப்பலுக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. தன் மேல் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து வருஷமாக. நாங்கள் புருவத்தை உயர்த்தி மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும், சோறு போடாமல் எதிரே உட்கார்ந்தேன்.

"செய்ன் டுன்னை எங்க விட்டீங்க?"

"ஓடிட்டான்னு சொன்னேனே."

"அவன் ஓடல. உங்களுக்கு முன்னால நடந்துக்கிட்டிருக்கான். எங்க விட்டீங்க?"

வெறும் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, அதிகாரி அறிக்கை கொடுப்பது போலச் சொன்னார். அன்று ஊ பா காய்ங் என்ற கட்சிக்காரர், ஒரு கிராமத்துப் படகுத்துறையில் பார்க்கவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். கடல் இறங்கித் தண்ணீர் வற்றியிருந்த நேரம். கால்வாய் வாயில் ஒரு மணல்திட்டு. திரும்பும்போது வழி தவறக்கூடாது என்று செய்ன் டுன்னைக் கழியோடு திட்டின் விளிம்பில் இறக்கி நிற்கவைத்தார், அடையாளமாக.

"'நான் வர்ற வரைக்கும் அசையாதே, கழியை நேரா புடி'ன்னேன். அரை மணியில வந்துடலாம்னு நெனச்சேன். பா காய்ங் தேநீர் சொன்னார். பேச்சு வளந்துது. சட்டசபைங்கறார், குழுத் தலைவர்ங்கறார். மூணு மணி நேரம் ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"பௌர்ணமித் தண்ணி. வேகமா ஏறிடுச்சு. திரும்பும்போது எல்லா இடத்துலயும் ஆழம் இருந்துது. அடையாளமே தேவைப்படல. குறுக்கால வந்துட்டேன்." குரல் இறங்கியது. "மறந்துட்டேன், தன் யீ."

"படகுல யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்க. தண்ணி ஏறினதும் ஊர்ப்பக்கம் போயிருப்பான், வருவான்னேன். ரெண்டு நாள் பாத்துட்டு, அனுமதி இல்லாம பணியை விட்டுப் போனதா எழுதிட்டேன். அப்படி எழுதலேன்னா விசாரணை வரும். விசாரணை வந்தா கட்சி எடுக்காது."

ஓடிப்போனவனுக்கு விடுவிப்பு ஆணை கிடையாது. பணியில் இருந்தவனைத்தானே விடுவிக்க முடியும்? அவன் பணியில்தான் இருந்தான். அவர் வரவில்லை, அதனால் அவன் அசையவில்லை.

"எழுதுங்க. இப்பவே" என்றேன்.

"எழுதினா அன்னைக்கு நான் எழுதினது பொய்னு ஆகும். அடுத்த வாரம் வேட்பாளர் அறிவிப்பு."

"அவனுக்கு மூக்குக்கு வந்துடுச்சு, கோ லுவின்."

அவர் எழுந்து போய்விட்டார். அவருக்கு முன்னால் வட்டங்கள் போயின. அன்று நான் துடைக்கவில்லை.

அறிவிப்புக் கூட்டம் நகர மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஊ பா காய்ங் பூச்சரத்தோடு நின்றார். பெயர் அறிவித்ததும் கைதட்டல். கோ லுவின் நடுவழியே நடந்தார். சிவப்பு விரிப்பில் கரும் வட்டங்கள் அவருக்கு முன்னே விழுந்தன. கைதட்டலுக்கு நடுவே எனக்குக் கேட்டது.

"மூணரை."

இரண்டடி நடந்தார்.

"மூணரைக்கு மே..."

அந்தச் சொல் முடியவில்லை. அதற்குப் பதில், குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. விரிப்பில் அடுத்த வட்டம் விழவில்லை.

கோ லுவின் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். முன்னூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷமும் ஐந்து வருஷமும் காதில் யாராவது ஆழம் சொல்லித்தான் அவர் நகர்ந்திருக்கிறார். இப்போது அடுத்த அடி எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்லத் திரும்பினார். வந்த வட்டங்களின் மேலேயே மிதித்து என்னிடம் வந்தார்.

"பேப்பர் எடு" என்றார்.

ஊ பா காய்ங் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். மண்டபத்துப் பின்னறையில் விஷயத்தைக் கேட்டதும் பூச்சரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தேர்தலுக்கு அப்புறம் படிக்கலாமே, ஸயா. செத்தவனுக்கு என்ன அவசரம்?"

"அவன் இன்னும் முழுசா சாகல" என்றார் கோ லுவின்.

அங்கேயே எழுதினார். என் ஆணையின்படி நின்றான், என் மறதியால் மூழ்கினான் என்று தொடங்கி, மூன்று பிரதி. ஒன்று படை அலுவலகத்துக்கு, ஒன்று ம ப்வாவுக்கு, ஒன்று வாசிக்க. ஊ பா காய்ங் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் மண்டபத்தில் வேறு யாருடைய பெயருக்கோ கைதட்டல் கேட்டது.

மறுநாள் காலை வற்று நேரத்தில் அந்தத் திட்டுக்குப் போனோம். ஐந்து வருஷமாக அந்தக் கால்வாயைத் தவிர்த்துச் சுற்று வழியில் போனவர் அவர். ம ப்வாவும் அவள் ஊரிலிருந்து நாலு பேரும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். படகு முனையில் வாழைப்பழமும் தேங்காயும் வைத்து, அந்த உவர்நீரின் காவல் தெய்வத்திடம் சொல்லிக்கொண்டோம். கோ லுவின் பழைய வெள்ளைச் சீருடைச் சட்டை போட்டிருந்தார். வயிற்றில் பொத்தான் சேரவில்லை.

சேற்றில் கணுக்கால்வரை புதைந்து நின்று வாசித்தார். ஒருமுறை. இரண்டு முறை. காற்றுகூட அசையவில்லை. கண்டல் மரங்களில் ஒரு பறவை இல்லை. மூன்றாம் முறை தொடங்கும்போது ம ப்வா கையை நீட்டித் தடுத்தாள்.

"மேடையில பேசற மாதிரி பேசாதீங்க, ஸயா. அவருக்கு அது புரியாது. படகுல கூப்பிடுவீங்கல்ல, அப்படிக் கூப்பிடுங்க."

கோ லுவின் காகிதத்தைத் தாழ்த்தினார். நான் பல வருஷமாகக் கேட்காத ஒரு குரல் அவருக்குள்ளிருந்து வந்தது.

"செய்ன் டுன்! நான் வந்துட்டேன்! கழியை எடு! வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போ!"

அவர் காலடியில், ஆழப் புதைந்த கழியை உருவும்போது வரும் சத்தம் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சேற்றில் வட்டமாக ஒரு குழி திறந்து, அதில் மெல்லத் தண்ணீர் ஊறியது. பிறகு கரைப்பக்கம் ஒரு குழி. அதற்கப்பால் இன்னொன்று.

ம ப்வா அழவில்லை. குழிகளின் பின்னாலேயே நடந்தாள், நடை பழகும் குழந்தையின் பின்னால் போவது போல. "மெதுவா. அங்க வழுக்கும்" என்று ஒருமுறை சொன்னாள். வரப்பு தாண்டி, அவள் வீட்டு ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஈர வட்டம். கடைசி வட்டம் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் இருந்தது. குவளை கவிழ்ந்து கிடந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்து, தறியிலிருந்த லுங்கியை அறுத்து எடுத்துப் பானைமேல் மடித்து வைத்தாள். அன்றிலிருந்து ஏழாம் நாள் துறவிகளுக்குச் சோறு போட்டாள். நாங்கள் போனோம். கட்சியிலிருந்து யாரும் வரவில்லை. படை அலுவலகத்திலிருந்து கோ லுவினுக்கு ஒரு நீளமான கடிதம் வந்தது. அதற்கு அவர் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார், இரண்டு முறை.

பத்தெய்ன் வீட்டைக் காலி செய்து மியாவுங்மியாவுக்கே திரும்பிவிட்டோம். முதல் நாள் சாமான்களை இறக்கிவிட்டு நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கோ லுவின் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

பழைய வேடிக்கை என்று நினைத்துத் திரும்பினேன். அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. காய்ந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி, வைக்க இடம் தெரியாமல், மறுபடி பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"தரைதான். வாங்க" என்றேன்.

தண்ணீரில் இறங்குகிறவர் போல விரல்நுனியை முதலில் வைத்து, பிறகு பாதத்தை வைத்து உள்ளே வந்தார்.

இப்போது ஒவ்வொரு வாசலிலும் நான்தான் சொல்கிறேன். போன வாரம் சந்தைக்குப் போனவள் பேச்சில் நேரம் போனது தெரியாமல் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், நான் போகும்போது நின்ற அதே இடத்தில், கையை இடுப்போரம் எதையோ நேராகப் பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டு, முகவாயைக் கொஞ்சம் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.